வாயை மூடுவோம், பெற்றோரே

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் இப்போதெல்லாம் ஒரு புகார் தவறாமல் எழுகிறது. "வெளியிலேர்ந்து வர்ற தாக்கம் ரொம்ப ஜாஸ்தி மிஸ். ரீல்ஸ்ல எவனோ ஒருத்தன் சொன்னா அதான் வேதவாக்கு. நாம சொன்னா காதுல ஏறவே மாட்டேங்குது." சுற்றியிருக்கும் தலைகளெல்லாம் ஆடுகின்றன. வகுப்பாசிரியையும் ஆமாம் என்கிறார். குற்றவாளி பிடிபட்டுவிட்ட நிம்மதியில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருக்கும். மரியாதை கருதிக் கத்துவதில்லை, இங்கே எழுதுகிறேன். அந்த ரீல்ஸ்காரன் உங்கள் பிள்ளையிடம் வந்து சேர்ந்தது பன்னிரண்டு பதின்மூன்று வயதில். அதற்கு முன்னால் அத்தனை வருஷமும் அந்தக் குழந்தையின் பசி, குளிர், வலி, விருப்பம் எல்லாவற்றையும் அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துகொண்டிருந்தது யார்? தன் வயிறு என்ன சொல்கிறது என்பதையே கேட்டுப் பழகாத பிள்ளை, ஊரான் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்பும்?

வயிற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டும் காட்சியைப் பாருங்கள். கைபேசியை டம்ளரில் சாய்த்து வைத்து ஒரு பாட்டை ஓடவிடுகிறோம். கண் திரையில் நிலைத்துவிடுகிறது; வாய் தானாகத் திறக்கிறது; பருப்பு சாதம் உள்ளே போகிறது. கிண்ணம் காலியானதும் நமக்கு ஒரு வெற்றிக் களிப்பு. என்ன சாப்பிட்டோம், எப்போது வயிறு நிறைந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அது கிடக்கட்டும். கைபேசியே இல்லாத வீட்டில் மட்டும் என்ன நடக்கிறது? குழந்தை போதும் என்று முகத்தைத் திருப்பினால், "அப்பாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்." அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பசித்தால் அவர்கள் சாப்பிட்டுக்கொள்ள மாட்டார்களா?

லீஆன் பெர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1987-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் பசி எப்படி இருக்கிறது, வயிறு நிறைந்தால் எப்படி இருக்கிறது என்று பேசி, அதைக் கவனிக்கப் பழக்கினார்கள். மற்றவர்களுக்கு மணியைக் காட்டினார்கள், தட்டில் மிச்சம் இருப்பதைக் காட்டினார்கள், முழுவதும் சாப்பிட்டால் பரிசு என்றார்கள். பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் ஏதோ ஒரு தின்பண்டம் கொடுத்தார்கள். சில நாள் சத்து கூடியது, சில நாள் குறைந்தது. வயிற்றைக் கவனித்த குழந்தைகள், கனமான தின்பண்டம் தின்ற நாளில் தாமாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். தட்டையும் மணியையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். நான்கு வயதுக் குழந்தைக்குள் ஏற்கெனவே சரியாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றை, பாசத்தின் பேரால் நாம் பழுதாக்குகிறோம்.

தன்னை அறிவது என்றால் நம் ஆட்களுக்கு உடனே காவியும் மலைக்குகையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். எனக்கு இப்போது பசிக்கிறது, எனக்குப் போதும், எனக்கு இது வலிக்கிறது, இந்த ஆளிடம் எனக்குப் பயமாக இருக்கிறது: ஒரு மனிதன் தன்னைப் பற்றி முதலில் அறிந்துகொள்வது இவற்றைத்தான். இவை ஒவ்வொன்றிலும் குறுக்கே போய் நிற்பவர்கள் நாம்.

மார்கழி காலையில் பள்ளி வேனுக்காகத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். சென்னை வெயிலுக்கு மார்கழி என்ன, தை என்ன? ஆனாலும் ஸ்வெட்டர், அதற்கு மேல் குரங்குக் குல்லா. கழுத்தோரம் வியர்த்து வழிகிறது. "குளிரலைம்மா." "உனக்குத் தெரியாது, குளிரும், போட்டுக்கோ." குளிர்வது அம்மாவுக்கு. கீழே விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு ஓடி வந்தால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தரையை நாலு அடி அடிக்கிறோம். வலிக்கிறது என்கிறது உடம்பு. ஒன்றுமில்லை என்கிறாள் அம்மா. இரண்டில் எதைப் பிள்ளை நம்ப வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பையன் பயந்தால் ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா என்கிறோம். பெண் கோபப்பட்டால் பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு கோபம் என்கிறோம். ஊரிலிருந்து வந்த உறவினரைப் பார்த்து ஐந்து வயதுக் குழந்தை பின்வாங்கினால், "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, அப்புறம் மாமா கோச்சுக்குவாங்க" என்று தள்ளிவிடுகிறோம். அந்தப் பின்வாங்கல் அந்தக் குழந்தைக்குள்ளிருந்து வந்த ஒரு செய்தி. அதை மதிக்காதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினான்கு வயதில் 'குட் டச், பேட் டச்' வகுப்புக்கு அனுப்பி வைக்கிறோம்.

பிறகு பிளஸ் டூ முடிகிறது. நமக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்துவிடுகிறது. "உனக்கு என்ன பிடிக்கும்னு நீயே சொல்லு. நாங்க எதையும் திணிக்க மாட்டோம்." பிள்ளை விழிக்கிறது. "நீங்களே சொல்லுங்க" என்கிறது. இல்லாவிட்டால், "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஏ.ஐ. எடுக்கறாங்க" என்கிறது. "சுயமா யோசிக்கவே தெரியல" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். பதினேழு வருஷம் வாயைத் திறக்கவிடாமல் வைத்திருந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பேசு பேசு என்றால் அவன் எதைப் பேசுவான்?

இதற்குள் ஒருவர் கோபப்பட்டிருப்பார். அப்படியானால் அந்த இன்ஸ்டாகிராம் நிரபராதியா? இல்லை. நிச்சயமாக இல்லை. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் கீழே நீண்டுகொண்டு போகும் அந்தப் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். நிறுத்த ஓர் இடம் இருந்தால் மனிதன் அங்கே நின்று, போதுமா என்று ஒரு கணம் யோசிப்பான். அந்த இடத்தை எடுத்துவிட்டால் யோசிக்க மாட்டான். இவ்வளவுதான் அதன் சூட்சுமம். வயிறு போதும் என்று சொல்வதற்குள் அடுத்த வாயைத் திணிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். வரட்டும், நான் தடுக்கவில்லை. பதினாறாவது பிறந்தநாள் அன்று காலையில் அந்தக் கதவு திறக்குமே, அன்று உள்ளே போகப்போகிற பிள்ளைக்குத் தனக்கு எது போதும் என்று தெரிந்திருக்குமா? அதைச் சட்டம் கற்றுக்கொடுக்காது.

சரி, நம் லட்சணம் என்ன?

மாலை ஆறு மணிக்கு எந்த டியூஷன் சென்டர் வாசலிலும் போய்ப் பாருங்கள். வரிசையாக ஸ்கூட்டர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் அப்பாவோ அம்மாவோ, குனிந்த தலையோடு, முகத்தில் நீல வெளிச்சம் அடிக்க. இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிஷம் தன்னோடு தான் இருக்க ஒருவராலும் முடியவில்லை. உள்ளேயிருந்து வெளியே வரும் பிள்ளை முதலில் பார்ப்பது இந்தக் காட்சியை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட சோதனை நமக்காகவே செய்ததுபோல இருக்கும். ஆட்களைக் காலி அறையில் 15 நிமிஷம் தனியாக உட்காரச் சொன்னார்கள். கைபேசி இல்லை, புத்தகம் இல்லை. ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். முன்னாலேயே அந்த ஷாக்கை அனுபவித்துப் பார்த்து, மறுபடி அது வேண்டாம் என்பதற்குக் காசு கொடுக்கவும் தயார் என்று சொன்னவர்கள் அவர்கள். அப்படிச் சொன்ன 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அந்தப் பொத்தானைத் தாமாகவே அழுத்திக்கொண்டார்கள். தன் எண்ணங்களோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட மின்சாரம் தேவலாம் என்று தோன்றியிருக்கிறது. நாம் அழுத்தும் பொத்தானில் வலி இல்லை. அதனால் எத்தனை முறை அழுத்துகிறோம் என்று நமக்கே தெரிவதில்லை.

இப்படிப்பட்ட நாம்தான், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய், "என்னடா பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? ஏதாவது உருப்படியா பண்ணு" என்கிறோம். அவன் ஏற்கெனவே உருப்படியாகத்தான் ஏதோ செய்துகொண்டிருக்கிறான். மனித மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இருக்கும்; ஆனால் உடம்பின் மொத்த சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது. ஒரு கணக்கைப் போடும்போதோ பாடத்தைப் படிக்கும்போதோ அந்தச் செலவு பெரிதாக ஏறுவதில்லை, நூற்றுக்கு ஐந்துகூடக் கூடாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்ல் 2001-ல் இதை எடுத்துச் சொன்னார்: வெளியே வேலை எதுவும் இல்லாதபோதுதான் மூளையின் சில பகுதிகள் மும்முரமாக இயங்குகின்றன. நேற்று நடந்ததை நினைத்துப் பார்ப்பது, தன்னைப் பற்றி யோசிப்பது, இன்னொருவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது, இவற்றோடெல்லாம் சம்பந்தப்பட்ட பகுதிகள் அவை. "நேத்து நான் அவனை அப்படித் திட்டியிருக்கக் கூடாதோ" என்று ஒன்பது வயதுப் பையன் யோசிக்கும் கணம் அது. அந்தக் கணத்தில் நாம் உள்ளே நுழைந்து, அபாகஸ் ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்மில் எத்தனை பேர் திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறோம்! பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி, வழியில் இடுக்குப் பிள்ளையாரில் நுழைந்து வெளியே வந்து, ரமணாசிரமத்தில் ஒரு கும்பிடு போட்டு, ஆசிரமப் புத்தகக் கடையில் பிள்ளைக்கு ஒரு படக்கதையும் வாங்குகிறோம். அந்தப் படக்கதையில் என்ன இருக்கிறது? 1896 ஆகஸ்ட் மாதம், மதுரையில் ஒரு வீட்டு மாடி. பள்ளியில் படிக்காமல் போனதற்குத் தண்டனையாக பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுத வேண்டும். பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் இரண்டு தடவை எழுதிவிட்டு, மூன்றாவது தடவை தாளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறான். அண்ணன் பார்க்கிறார். இப்படி இருப்பவனுக்குப் பள்ளியும் புத்தகமும் எதற்கு என்று சுருக்கென்று கேட்கிறார். நாம் உருகிப் போய் இதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறோம். மறுநாள் காலையில் நம் வீட்டுப் பையன் இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடினால் அந்த அண்ணனைவிட நாலு பங்கு சத்தமாகக் கேட்போம். பயப்படாதீர்கள், உங்கள் பையன் வேங்கடராமனைப்போல ஊரைவிட்டுப் போக மாட்டான். சார்ஜர் வீட்டில் இருக்கிறது.

எனக்கு அந்தக் கதையைவிட அடையாற்றில் நடந்த இன்னொரு கதை அதிகம் உறைக்கும். அதில் வரும் பெரியவர்கள் நம்மைப்போலவே இருக்கிறார்கள்.

1909-ன் தொடக்கத்தில் நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், தாயில்லாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் வேலைக்கு வந்தார். வளாகத்துக்கு வெளியே சரியான வசதியில்லாத ஒரு வீடு. பிள்ளைகளில் ஒருவன் கிருஷ்ணன், வயது பதினான்கு ஆகப்போகிறது. மலேரியாவில் அடிபட்ட ஒல்லி உடம்பு. பள்ளியில் மந்தம் என்று பெயர் வாங்கியவன். கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருப்பான், பாடம் ஏறாது, அதற்காகப் பிரம்படி வாங்குவான். அந்த வருஷமே அடையாற்றுக் கடற்கரையில் அவனைப் பார்த்த, சொசைட்டியின் முக்கியஸ்தர்களில் ஒருவரான லெட்பீட்டர், பையனைச் சுற்றித் தன்னலத்தின் சாயலே இல்லாத ஓர் ஒளியைக் கண்டதாகச் சொன்னார். பள்ளிப் பாடத்தில் அவனுக்கு உதவிவந்த எர்னஸ்ட் வுட்டுக்கு ஆச்சரியம்; அவர் அறிந்தவரை அந்தப் பையன் மக்கு. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். உணவு, குளியல், உடற்பயிற்சி, ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் ஆள் போட்டார்கள். 1911-ல் அவனைத் தலைவனாக வைத்து ஓர் அமைப்பே தொடங்கிவிட்டார்கள். உலகுக்கு வரப்போகும் குரு இவன் வழியாகத்தான் பேசுவார் என்று. அப்பா பிள்ளையைத் திரும்பக் கேட்டு, சொசைட்டியின் தலைவர் அன்னி பெசன்ட் மீது வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார், 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார்.

இதில் கெட்டவர் என்று யாரையும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பெசன்ட் அந்தப் பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தார். பிரம்பால் அடித்த வாத்தியாரும் படிப்பு ஏறட்டும் என்றுதான் அடித்திருப்பார். எல்லாருக்கும் பையனைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது: ஒருவருக்கு மக்கு, ஒருவருக்கு மகான். 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தில் ஓமன் என்ற ஊரில், மூவாயிரம் பேர் கூடியிருந்த முகாமில், அந்தக் கிருஷ்ணன், முப்பத்து நான்கு வயதான ஜே. கிருஷ்ணமூர்த்தியாக எழுந்து நின்று அந்த அமைப்பைக் கலைத்தார். தன்னைப் பின்பற்ற ஆள் வேண்டாம் என்றார். அவர் பேரில் சேர்ந்திருந்த சொத்துகளைக் கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். இருபது வருஷம் பெரியவர்கள் ஓயாமல் காதில் ஓதியும் அவருக்குள் ஏதோ ஓர் இடம் யார் கையும் படாமல் இருந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித் தப்பிப் பிழைக்க வாய்க்காது. அவர் பெயரை வைத்து, என் பிள்ளையும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும் என்று ஆறுதல் அடைய நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

அவர் பிறந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. அங்கே மாலையில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, பேசாமல், சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். அஸ்தாசல் என்று அதற்குப் பெயர். மந்திரம் இல்லை, மூச்சுப் பயிற்சி இல்லை, யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இதைக் கேள்விப்பட்டதும் என் நண்பர் ஒருவர், அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க யாரைப் பிடிக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் வீட்டு மொட்டை மாடி மேற்குப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் தினமும் சூரியன் மறைகிறது, கட்டணம் இல்லாமல்.

நம் புத்தி அப்படித்தான் போகிறது. அமைதியையும் எங்கேயாவது பணம் கட்டிச் சேர்க்க வேண்டும், முடிந்தால் சான்றிதழோடு. சில வருஷங்களுக்கு முன்னால் நடுமூளையைத் தூண்டிவிடுகிறோம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? கண்ணைக் கட்டிவிட்டால் பிள்ளை புத்தகம் வாசிக்கும், நிறம் சொல்லும் என்றார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதைப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் மேடையிலேயே போட்டு உடைத்தார்கள். அந்த ஏமாற்றில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது போன பணம் இல்லை. தான் எட்டிப் பார்த்துத்தான் படித்தோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்பா அம்மா கைதட்டுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். ஆக, தனக்குள் தெரிந்த ஒன்றை மறைத்து, பெரியவர்கள் பார்க்க விரும்பியதைக் காட்டுவதற்கு எட்டு வயதில் பயிற்சி. இப்போது வருகிற தியான வகுப்புகள் அவ்வளவு மோசம் இல்லை. சொல்லித்தருகிறவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. சேர்க்கப் போகும் நாம் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை: "இதுல கான்சன்ட்ரேஷன் வருமா? நீட்டுக்கு உதவுமா?" மனம் அடங்குவதும் 720-க்கு எத்தனை என்று எண்ணத்தான்!

மதிப்பெண் என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது. மாணவர்களுக்கு மன அழுத்தம் வருகிறது என்று யோசித்துத்தான் செய்தார்கள், நல்ல முடிவு. நாம் விட்டோமா? அரசு கீழே போட்ட பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாமே தயாரித்துக்கொள்கிறோம். யூனிட் டெஸ்ட் தாள் கைக்கு வந்த அரை மணியில் "ஹையஸ்ட் எவ்ளோ?" என்று ஒரு செய்தி. யாரும் கேட்காமலே ஒருவர் தன் பெண்ணின் தாளைப் படம் எடுத்துப் போடுகிறார். கை கூப்பும் பொம்மைகள் குவிகின்றன. இரவு ஒன்பதரைக்கு "நாளைக்கு ஈ.வி.எஸ்.ஸுக்கு என்ன கொண்டு போகணும்?" என்று இன்னொரு செய்தி. என்ன கொண்டுபோக வேண்டும் என்று நினைவு வைத்திருக்க வேண்டியது அந்தப் பிள்ளை. மறந்தால் ஒரு நாள் வகுப்பில் முழித்துக்கொண்டு நிற்கும். மறுநாளிலிருந்து தானே தன்னைக் கேட்டுக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்காமல், தன் வீட்டுப்பாடம் என்ன என்பதைக்கூட அம்மாவின் ஃபோனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆக்கிவிட்டோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். அமைதியாக இருக்கும் பிள்ளை வேறு, ஒடுங்கிப்போன பிள்ளை வேறு. கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கூப்பிட்டால் வரும், சாப்பிடும், சண்டை போடும், தூங்கும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த விளையாட்டும் நண்பர்களும் வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைக்கு நான் இங்கே சொல்வது எதுவும் பொருந்தாது. அதைத் தனியாக விடக்கூடாது. மருத்துவரிடம் போங்கள், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளை வண்டியில் ஏறியதும், "சாப்பிட்டியா, டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா, எவ்ளோ, அவன் எவ்ளோ" என்று தொடங்கும் விசாரணையை வீடு வரும்வரை தள்ளிப்போடுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும் அந்தப் பத்து நிமிஷம்தான் பல பிள்ளைகளுக்கு ஒரு நாளில் தனக்கென்று கிடைப்பது. வசதியான வீடுகளுக்குத்தான் இதெல்லாம் சரிவரும் என்று ஒரு பேச்சு உண்டு. ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டிலும் வாசற்படி ஒன்று இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தாண்டிப் போகும்போது எதுவும் கேட்காமல் போவதற்குக் காசு தேவையில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் வைக்கட்டும். அடுத்த முறை குறைவாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குளிரவில்லை என்றால் ஸ்வெட்டரைப் பையில் வைத்து அனுப்புங்கள், குளிர்ந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளும். அழும்போது ஏன் அழுகிறாய் என்று அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். காரணம் அதற்கே இன்னும் தெரிந்திருக்காது, தெரிந்ததும் சொல்லும். டியூஷன் வாசலில் காத்திருக்கும் இருபது நிமிஷம் உங்கள் கைபேசியைச் சீட்டுக்கு அடியில் பூட்டி வைத்துவிட்டு நில்லுங்கள். முதல் நாள் கை அரிக்கும். ஷாக் பொத்தானை அழுத்தியவர்களின் நிலைமை அன்றைக்குப் புரியும்.

இன்னும் ஒன்று. கோடை விடுமுறை வரப்போகிறது. நாளிதழோடு துண்டுப் பிரசுரங்கள் விழத் தொடங்கிவிட்டன: நீச்சல், ரோபோ, கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி, ஆளுமை வளர்ச்சி. ஏதோ ஒன்றில் சேருங்கள், பிள்ளை கேட்டால் இரண்டில்கூடச் சேருங்கள். மே மாதத்தில் ஒரு பதினைந்து நாளை மட்டும் எதுவும் போடாமல் விட்டுவையுங்கள். டேப்லெட்டும் வேண்டாம். மூன்றாம் நாளே "போரடிக்குதும்மா" என்று வந்து நிற்கும். அப்போது உங்களுக்கு உடனே ஏதாவது செய்யத் தோன்றும்: ஒரு யோசனை, ஒரு படம், ஒரு மால். செய்யாதீர்கள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்குங்கள். தரையில் உருளும், உங்களைத் திட்டும், பக்கத்து வீட்டில் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பட்டியல் வாசிக்கும். அதற்குப் பிறகு அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் ஒன்று பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டது, இன்னொன்று தூங்கியது. எதுவானாலும் படம் எடுத்துக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.